எரிக்கும் தும்பும் சுவாசிக்கும் தூசியும்: திருகோணமலை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு கராஜ் வைத்திருப்பவன். ஓட்டோ, மோட்டார் சைக்கிள், வான், சின்ன லொறி எல்லாம் வரும். பிரேக் வேலைதான் எங்களிடம் அதிகம். பிரேக்குக்குள் உராய்ந்து வண்டியை நிறுத்துகிற பட்டையான பிரேக் லைனரைப் பற்றி மாவட்டக் கூட்டத்துக்கு எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். உங்கள் மேசையைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்பதை யோசித்துத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். விவசாயம், சுகாதாரம், சுற்றாடல், கைத்தொழில், போக்குவரத்து, உள்ளூராட்சி, தொழிற்பயிற்சி என்று எல்லாத் துறையும் ஒன்றாக உட்காருகிற இடம் அது. நான் சொல்லப்போகிற விஷயத்தில் இந்த ஒவ்வொரு துறைக்கும் ஒரு துண்டு வேலை இருக்கிறது. முழு வேலையும் எவருடைய பொறுப்பிலும் இல்லாததால் அது அப்படியே கிடக்கிறது.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கராஜ்களில் வேலை செய்கிற பெடியன்கள் என்ன தூசியைச் சுவாசிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தூசியில் இருக்கக்கூடிய அஸ்பெஸ்டஸ் என்ற கனிம நாருக்குப் பதிலாக லைனரில் போடக்கூடிய தும்பு, உமி போன்ற மூலப்பொருள் எங்கள் வயலோரத்திலும் வளவிலும் எரிந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இல்லாமல் இருப்பது, செய்து பார்த்ததை ஒழுங்காகச் சோதிக்க ஓர் இடம். அந்த இடத்தை உருவாக்கித் தாருங்கள், அது வரும்வரைக்கும் தூசியைக் கட்டுப்படுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் தூசியைப் பற்றி. பிரேக் பிடிக்கவில்லை என்று ஓர் ஓட்டோ வருகிறது. பெடியன் பின் சில்லைக் கழட்டி, சில்லோடு சுற்றுகிற பிரேக் ட்ரம்மைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி இழுக்கிறான். ட்ரம் கையோடு வரும்போது உள்ளே தேங்கியிருந்த சாம்பல் நிறத் தூசி அவன் மடியில் கொட்டுகிறது. அடுத்து அவன் கை தன்பாட்டில் கொம்பிரசர் குழாய்க்குப் போகும். ஒரே ஒரு ஊது. கொஞ்ச நேரத்துக்கு அவன் முகமே தெரியாது. அடங்கிய பிறகு பார்த்தால் கண்ணிமையிலும் மூக்கு மயிரிலும் அதே சாம்பல். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அது பக்கத்துத் தேத்தண்ணிக் கடை வரைக்கும் போகும். லொறியின் பிரேக் சூவுக்கு, அதாவது லைனரைத் தாங்குகிற வளைந்த இரும்புக்கு, லைனர் அடிக்கிற வேலை என்றால் இன்னும் மோசம். பழைய ரிவிட்டை ட்ரில் போட்டு எடுக்க வேண்டும், புது லைனரை அளவுக்கு அறுக்க வேண்டும், ஓட்டை போட வேண்டும், ஓரத்தை அரத்தால் சாய்த்து ராவ வேண்டும். எல்லாமே முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நடக்கிற வேலை.

அந்த லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எந்தப் பெரிய பாஸாலும் முடியாது. நல்ல பெட்டியில் வருகிறவற்றில் அஸ்பெஸ்டஸ் இல்லை என்று அச்சடித்திருப்பார்கள். அளவு பார்த்து அறுத்துத் தருகிற லைனரிலும், பெட்டி இல்லாமல் பொலித்தீனில் வருகிற சூவிலும் ஓர் எழுத்தும் இருக்காது. விலை குறைந்ததைத்தான் ஓட்டோக்காரர் கேட்பார். அவருடைய நாள் வருமானத்துக்கு அவர் வேறெதைக் கேட்பார்?

பழைய முறை லைனரில் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கு மேல் வரை வெள்ளை அஸ்பெஸ்டஸ் இருக்கும். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எழுகிற சூட்டில் அந்த நாரின் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடுகிறது. ஆகவே ட்ரம்முக்குள் தேங்குகிற தூசியில் மிஞ்சுகிற நார் சிறிய பங்குதான். ஆனால் அந்தச் சிறிய பங்கைத்தான் நாங்கள் காற்றடித்து மூக்குக்கு நேரே கிளப்புகிறோம். புது லைனரை அறுத்து ராவும்போது வருகிற தூசியோ சூடே காணாதது. அதில் நார் முழுதாக அப்படியே வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எல்லா வகை அஸ்பெஸ்டஸையும், வெள்ளை உட்பட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. சுவாசப்பைப் புற்றுநோய், சுவாசப்பையைச் சுற்றியுள்ள சவ்வில் வருகிற மீசோதீலியோமா, சுவாசப்பை தழும்பேறி இறுகிப்போகிற அஸ்பெஸ்டோசிஸ் எல்லாம் தூசியைச் சுவாசித்து 20, 30, 40 வருஷம் கழிந்துதான் வெளியே தெரியும். சிகரெட்டும் சேர்ந்தால் சுவாசப்பைப் புற்றுநோய் வருகிற ஆபத்து பல மடங்கு ஏறும். உடுப்பில் ஒட்டி வீட்டுக்குப் போகிற தூசியால் அதைத் துவைத்த மனைவிமாருக்கே நோய் வந்ததை அஸ்பெஸ்டஸ் தொழிற்சாலைகள் இருந்த நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். இவ்வளவு பிந்தி வருகிற நோயை யாரும் பிரேக் வேலையோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. பதினாறு வயதில் ஸ்பானர் பிடித்தவர் ஐம்பது தாண்டி மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, இளமையில் என்ன தொழில் செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சுகாதாரத் துறையிடம் நான் வைக்கிற முதல் வேண்டுகோள் இது. இதற்குக் காசு ஒன்றும் தேவையில்லை.

கூரைச் சீற்றைப் பற்றி இந்த நாட்டில் எவ்வளவோ கதைத்திருக்கிறோம். 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2017 டிசம்பரில் ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியது. தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகக் காரணம் சொன்னார்கள். அஸ்பெஸ்டஸ் தடையை இலங்கை தள்ளிப்போட்டது, வருஷம் முடியுமுன் தேயிலைத் தடையும் நீங்கியது. அந்த நேரத்து முடிவைப் பற்றி இங்கே வாதாட நான் வரவில்லை. ஆனால் அந்த விவாதம் முழுக்கக் கூரையைப் பற்றியதாகவே இருந்தது. கூரைச் சீற் உடையாத வரைக்கும் வீட்டின் மேல் பேசாமல் கிடக்கும். லைனர் தேய்வதற்கென்றே செய்த சாமான். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அது தூசியாகிக் குறைய வேண்டும், அதுதான் அதன் வேலை. அப்படியிருந்தும் அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

மற்ற நாடுகளை நீட்டி முழக்கத் தேவையில்லை. அவுஸ்திரேலியா 2003 கடைசியோடும் ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜனவரியோடும் அஸ்பெஸ்டஸை நிறுத்திவிட்டன. அமெரிக்கா 2024 மார்ச்சில் போட்ட தடை விதியில், கடையில் தனியாக வாங்கி மாற்றுகிற பிரேக் லைனரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

சரி, இனி தும்புக்கு வருகிறேன்.

பிரேக்குக்கு முதலில் வந்தது அஸ்பெஸ்டஸ் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பயிர் நார்தான் முதலில் வந்தது. இங்கிலாந்தில் ஹேர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897இல் தொடங்கிய ஃபெரோடோ கொம்பனி, பருத்தி நெசவைப் பிசினில் ஊறவைத்துத்தான் குதிரை வண்டிக்கும் ஆரம்பகாலக் கார்களுக்கும் பிரேக் கட்டை செய்தது. கார்களின் வேகம் கூடியதும் பருத்தி சூடு தாங்காமல் கருகியது. அதற்குப் பிறகுதான், 1908 அளவில், எரியாத நாரென்று அஸ்பெஸ்டஸைச் சேர்த்தார்கள். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தும்பைப் பற்றிப் பேசுகிற எவரும் பருத்தி அன்று ஏன் தோற்றது என்பதைத் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும். இயற்கையானது, ஆகவே நல்லது என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் என் கராஜுக்கு வந்த வாகனத்தின் பிரேக்கை நான் கொடுக்கமாட்டேன்.

இன்றைய லைனர் ஒரு கலவை. பீனோலிக் பிசின் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும். நார் லைனர் வெடித்துப் பிளக்காமல் காக்கும். பரைற்று, சுண்ணாம்புக்கல் தூள் போன்றவை இடத்தை நிரப்பும். பென்சிலுக்குள் இருக்கிற காரீயம் (கிராபைட்) வழுக்கலைக் கொடுக்கும், சிர்க்கோன், அலுமினா போன்ற கடினத் தூள் பிடிப்பைக் கொடுக்கும். இவற்றோடு பழுப்பு நிறத் தூள் ஒன்றும் சேரும். அது மரமுந்திரிகைக் கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயைக் காய்ச்சி இறுக்கி அரைத்த தூள். கஜு உடைக்கிற பெண்களின் விரலைப் பொத்துப்போகச் செய்கிற அதே எண்ணெய்தான். கிட்டத்தட்ட நூறு வருஷமாக உலகத்தின் பெரிய பிரேக் கொம்பனிகள் அதை வாங்கிப் போடுகின்றன. பிரேக் சூடாகும்போது பிடி விடாமலும் கீச்சென்று சத்தம் போடாமலும் இருக்க அது உதவுகிறது. அதாவது பிரேக்குக்குள் விவசாயக் கழிவு போகலாமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது. கிழக்கு மாகாணத்தில் மரமுந்திரிகை காய்க்கிறது, கொட்டை உடைக்கிறார்கள், ஓட்டை அடுப்பில் எரிக்கிறார்கள்.

இந்த மாவட்டத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் பக்கம் அறுவடை முடிந்தால் ஆலைகளின் பின்புறத்தில் உமி மலையாகக் குவியும். நூறு கிலோ நெல்லில் இருபது கிலோ அளவுக்கு உமிதான். அதை எரித்தால் கிட்டத்தட்ட நாலு கிலோ சாம்பல் வரும், அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. பிரேக்குக்குத் தேவையான கடினத் தூளுக்கு அது ஆகும். குச்சவெளி, சம்பூர் பக்கத்துப் பனையில் மட்டையடித் தும்பு இருக்கிறது. தும்புத்தடி கட்ட எடுக்கிற அந்த விறைப்பான நார் எவ்வளவு உறுதி என்று எல்லோருக்கும் தெரியும். பொச்சுமட்டையும் சிரட்டையும் வளவுகளில் குப்பையோடு எரிகின்றன. உப்புவெளி, நிலாவெளிக் கரையோரம் குவிகிற இளநீர்க் கோம்பையைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பீ.எச்.ஐ. மாரிடம் கேட்டால் நுளம்புக் கதையாகச் சொல்வார்கள். அந்தத் தும்பு முற்றாதது, ஆகவே அதில் நான் பெரிய நம்பிக்கை வைக்கவில்லை. கந்தளாய் சீனித் தொழிற்சாலை ஓடிய காலமென்றால் கரும்புச் சக்கையையும் சேர்த்திருக்கலாம்.

பயிர் மட்டும் இல்லை. புல்மோட்டைக் கனியமணலில் சிர்க்கோன் இருக்கிறது, அது இந்த மாவட்டத்துக்குள்தான் வருகிறது. பிரேக் லைனரில் கொஞ்சமாகச் சேர்க்கிற அதே சிர்க்கோனை நாங்கள் மணலாகக் கப்பலேற்றிவிட்டு, அது கலந்த லைனரைப் பெட்டியில் வாங்குகிறோம். காரீயத்துக்கு போகலை, கஹட்டகஹ சுரங்கங்கள் இருக்கின்றன. றப்பரும் நாட்டிலேயே உண்டு. பீனோலிக் பிசின் ஒன்றைத்தான் கட்டாயம் வெளியிலிருந்து எடுக்க வேண்டிவரும். இவ்வளவும் கையெட்டுகிற தூரத்தில் இருக்கும்போது இந்த வேலையை வேறு யாரோ செய்யட்டும் என்று விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

வெளியில் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நைஜீரியப் பொறியியலாளர்கள் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் ஓடு, கரும்புச் சக்கை, வாழைப்பழத் தோல் என்று ஒவ்வொன்றாக அரைத்துப் பிசினோடு அழுத்திச் சோதித்திருக்கிறார்கள். தூள் எவ்வளவு நைசோ அவ்வளவுக்குக் கட்டி இறுக்கமாகவும் தேய்வு குறைவாகவும் வந்தது என்பது அவர்கள் கண்டவற்றில் எனக்குப் பிடித்த விஷயம், ஏனென்றால் அரைக்கிற மில் எந்த ஊரிலும் இருக்கிறது. ஆசியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தென்னந்தும்பையும் சணலையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இனி இதில் உள்ள சிக்கல்களைச் சொல்கிறேன். இவற்றை மறைத்துவிட்டுத் திட்டம் கேட்டால் முதல் மழையிலேயே திட்டம் விழுந்துவிடும்.

சூடுதான் பெரிய சிக்கல். பயிர் நார் எதுவானாலும் 200 பாகை செல்சியஸைத் தாண்டப் போகப் போகக் கருகத் தொடங்கும். நகரத்துக்குள் ஓடுகிற ஓட்டோவின் பிரேக் அந்த அளவுக்குப் போவது அரிது. பாரம் ஏற்றிய லொறியோ பஸ்ஸோ மலையிறக்கத்தில் 300ஐத் தாண்டும். ஆகவே கொழும்புக்கும் கண்டிக்கும் ஓடுகிற பஸ்ஸில் இதைப் போடுவதைப் பற்றி இப்போது யாரும் கதைக்க வேண்டாம். ஓட்டோ, சின்ன மோட்டார் சைக்கிளின் பின் ட்ரம், வயலுக்குள் ஓடுகிற லாண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரம், இவைதான் தொடங்க வேண்டிய இடம். கோணேசர் கோயில் ஏற்றத்தையும் ஓர்ஸ்ஹில்லையும் விட்டால் எங்கள் பக்கம் பெரும்பாலும் சமதரை. தொடக்கத்துக்கு அது வசதி. கலவையிலும் நார் நூற்றுக்கு ஐந்து, பத்துப் பங்குக்குள்தான் இருக்க வேண்டும், மிச்சம் கனிமத் தூளும் பிசினும்.

அடுத்தது தண்ணீர். தும்பு ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் ஊதும். ஊதிய லைனர் ட்ரம்மைப் பிடித்துக்கொள்ளும். வாடைக்காற்றோடு மாரி மழை தொடங்கினால் எங்கள் வீதிகள் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கடற்கரை உப்புக்காற்று வேறு. தும்பைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தால் மேலுள்ள மெழுகும் பசையும் போய்ப் பிசின் நன்றாகப் பிடிக்கும், ஈரம் குடிப்பதும் குறையும். இது தெரிந்த முறைதான். ஆனால் எவ்வளவு குறைந்தது என்பதை எங்கள் மாரியில் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மூன்றாவது, உமிச்சாம்பல். இதைத் தயவுசெய்து ஊன்றிப் படியுங்கள். உமியை அளவான சூட்டில் எரித்தால் வருகிற சிலிக்கா ஒரு வகை. கட்டுப்பாடில்லாத கடுஞ்சூட்டில் எரிந்தால் அது பளிங்கு உருவுக்கு மாறும். பளிங்குச் சிலிக்காத் தூசி சிலிக்கோசிஸ் நோயைத் தரும். அதுவும் அஸ்பெஸ்டஸ் இருக்கிற அதே முதலாம் பிரிவில்தான் இருக்கிறது. ஆலை போரணையில் கிடக்கிற சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து அரைத்துப் போட்டால், ஒரு சுவாசப்பை நோயை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தவர்களாவோம். எந்தச் சாம்பல் ஆகும், எது ஆகாது என்று எக்ஸ்கதிர்ப் பரிசோதனையில் பார்க்கத் தெரிந்தவர்கள் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறார்கள். கராஜ்காரன் மட்டும் செய்யக்கூடிய வேலை இல்லை இது என்று நான் சொல்வது இதனால்தான்.

செய்முறையே ஓர் அடுப்படி வேலை போன்றது. கலவையை அச்சில் நிரப்பி, 150, 160 பாகைச் சூட்டில் பல தொன் அழுத்தத்தில் சில நிமிஷம் பிடித்து, இடையில் ஆவி போக விட்டு, பிறகு சில மணிநேரம் போரணையில் வைத்து முற்றவிட வேண்டும். அப்போது பிசினிலிருந்து வருகிற ஆவி நல்லதில்லை, காற்றை வெளியே இழுக்கிற விசிறி கட்டாயம் வேண்டும். இதெல்லாம் எங்கள் ஆட்களால் செய்ய முடிந்த வேலைதான். முடியாதது சோதனை.

என் கராஜுக்கு வந்த ஓர் ஓட்டோவில் லைனர் சூவிலிருந்து முழுதாகக் கழன்று ட்ரம்முக்குள் சிக்கியிருந்தது. பின் சில்லு நடுவீதியில் இறுகி நின்றுவிட்டது. பின்னால் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். நல்லகாலம், ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த லைனர் யார் செய்தது, என்ன பசை, எங்கே சோதித்தது, எதற்கும் பதில் இல்லை. விலை ஒன்றைத் தவிர வாங்கியவருக்கு வேறெதுவும் தெரியாது. நாளைக்கு எங்கள் ஊர்த் தும்பில் செய்த லைனருக்கும் அதே கதை வந்தால் அதோடு அந்தப் பெயர் கெட்டுவிடும், பிறகு எவரும் தொடமாட்டார்கள்.

நல்ல லைனரின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து அடித்திருப்பார்கள், அடுத்தமுறை கராஜுக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரண சூட்டில் பிடிப்பு எவ்வளவு, இரண்டாவது எழுத்து சூடேறிய பிறகு எவ்வளவு. இ (E) என்றால் பிடிப்பின் அளவான உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதல் எழுத்து எஃப், இரண்டாவது இ என்றிருந்தால் சூட்டில் பிடி குறைகிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்கிற இயந்திரம் அப்படியொன்றும் விண்கலம் இல்லை. ஓர் அங்குலச் சதுரத் துண்டைச் சுழல்கிற ட்ரம்மில் அழுத்தி, சூட்டை ஏற்றிக்கொண்டே இழுவிசையை அளக்கிற பொறி. இதோடு தேய்வு, கடினம், லைனரைச் சூவிலிருந்து பிய்க்க எவ்வளவு விசை வேண்டும், தண்ணீரில் ஊறவிட்டால் எவ்வளவு ஊதுகிறது, இவ்வளவையும் அளக்க முடிந்தால் போதும். முழுப் பொறியையும் வாங்கக் காசில்லை என்றால் லேத் இயந்திரத்தில் ட்ரம்மைப் பூட்டி முதற்கட்டப் பரிசோதனை செய்ய முடியும், தொழில்நுட்பக் கல்லூரியில் அது இருக்கிறது. அதில் தேறியதை மட்டும் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு அனுப்பலாம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவு. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தையும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தையும் தொழில்நுட்பக் கல்லூரியையும் கைத்தொழில் அபிவிருத்திச் சபையையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். பக்டரி கட்டுவதற்கு அடிக்கல் வேண்டாம், திறப்புவிழாவும் வேண்டாம். சோதனை வசதி ஒன்று, ஒரு சின்ன அழுத்தப் பொறி, மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்பாக இந்த வேலை. அந்தச் சோதனையில் தேறாத எதையும் எந்த வாகனத்திலும் பூட்ட அனுமதிக்காதீர்கள். தேறியதைச் சில ஓட்டோக்களில் ஒரு முழு மாரியும் ஒரு முழுக் கோடையும் ஓட்டிப் பார்த்து, கழட்டி அளந்து, நல்லதோ கெட்டதோ முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். பனைத்தும்புக்குப் பனை அபிவிருத்திச் சபையும், ஓட்டுக்கு மரமுந்திரிகைக் கூட்டுத்தாபனமும், சிர்க்கோனுக்குப் புல்மோட்டையும் சில கிலோ மாதிரி தருவது பெரிய விஷயம் இல்லை. நீங்கள் கேட்டால் தருவார்கள், நான் கேட்டால் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

அது நடக்கக் காலமெடுக்கும். தூசி காத்திருக்காது. கராஜ்களுக்குக் கொடுக்கிற வியாபார அனுமதிப்பத்திரத்திலும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்திலும் ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: பிரேக் ட்ரம்மைக் கொம்பிரசரால் ஊதக்கூடாது, காய்ந்த பிரஷ்ஷால் தட்டக்கூடாது. சவர்க்காரத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். ஸ்பிரே போத்தலும் வாளியும் இல்லாத கராஜ் எங்கேயும் இல்லை. லைனர் ராவுகிறவருக்குச் சாதாரணத் துணி மாஸ்க் போதாது, நுண்தூசியைத் தடுக்கிற வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். அதை மொத்தமாக வாங்கி விலை குறைத்துத் தர உங்களால் முடியும். பீ.எச்.ஐ. மார் வந்து ஒருநாள் செய்து காட்டினால் எங்கள் சங்கம் ஆட்களைக் கூட்டித் தரும். தண்டப்பணத்தோடு வருவதற்கு முன் அந்த ஒருநாள் விளக்கத்தோடு வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், பயந்து ஒளித்துச் செய்தால் தூசி இன்னும் உள்ளறைக்குத்தான் போகும்.

அரசாங்க வாகனங்களுக்கு உதிரிப்பாகம் வாங்கும்போது, அம்புலன்ஸ், டிப்போ பஸ், சபைகளின் உழவு இயந்திரம் எதுவானாலும், அஸ்பெஸ்டஸ் இல்லை என்ற ஆய்வுகூடச் சான்றிதழைக் கேள்விமனுவிலேயே கேளுங்கள். பெரிய வாங்குநர் கேட்டால் இறக்குமதி செய்பவர் கொண்டுவருவார். அந்தச் சாமான் பிறகு எங்கள் கடைகளுக்கும் வரும். பெட்டியில்லாமல் விற்கிற லைனரில் சில மாதிரிகளை எடுத்துப் பரிசோதிக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் நீங்கள் எழுத்தில் கேட்டால், இன்று நாங்கள் என்ன தூசியைச் சுவாசிக்கிறோம் என்ற கேள்விக்காவது விடை வரும்.

அஸ்பெஸ்டஸ் இல்லாத லைனரின் தூசி பால்மா இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஐரோப்பாவில் 2024இல் ஏற்றுக்கொண்ட யூரோ 7 விதி முதல்தடவையாகப் பிரேக்கிலிருந்து வருகிற தூசிக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. கலிபோர்னியா பிரேக்கில் செம்பைக் குறைக்கச் சொல்லி 2010இலேயே சட்டம் போட்டது. ஆகவே தும்பு லைனர் வந்தாலும் ஊதக்கூடாது என்ற நிபந்தனை இருக்கத்தான் வேண்டும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் என்ன தருவோம் என்று நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். சோதனைக்கென்று ட்ரம், சூ, பழைய பின் அச்சு எல்லாம் என் கராஜிலிருந்து தருகிறேன். சோதனையில் தேறிய லைனரை முதலில் என் சொந்த ஓட்டோவில் பூட்டுங்கள். அளவெடுத்துக் குறித்து வைக்கிற வேலையையும் நாங்களே செய்வோம், மாணவர்கள் வந்து பார்க்கலாம், படிக்கலாம். உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்குக் கால் மணிநேரம் ஒதுக்கி, யாரை எந்த நாளில் சந்திக்க வேண்டும் என்று எழுத்தில் அறிவித்தால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கராஜ் உரிமையாளர் ஒருவர்,
அனுராதபுரச் சந்தி, திருகோணமலை